ஃபிரானி ஏன் கொடுக்கவில்லை?

நிகோல் ஹோலஃப்செனர் எழுதி இயக்கிய ‘ஃபிரண்ட்ஸ் வித் மணி’ படத்தை நான் முதலில் பார்த்தது பல்கலைக்கழக விடுதியில், என் அறைத்தோழியின் மடிக்கணினியில். ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரே சட்டியில் மேகி மீயைக் கிளறிச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். 2006இல் வந்த படம் அது. நாங்கள் பார்த்தபோது ஏற்கெனவே பழைய படம். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஃபிரானியைத் திட்டித் தீர்த்தோம். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மில்லியன் கணக்கில் தூக்கிக் கொடுப்பாளாம், கூடப் பழகுகிறவளுக்கு ரெண்டாயிரம் கொடுக்க யோசிப்பாளாம். “காசு வந்தா இப்படித்தான்டி ஆயிடுவாங்க” என்றாள் தோழி. நானும் தலையாட்டினேன்.

போன மாதம் மறுபடியும் பார்த்தேன். இந்த முறை ஃபிரானியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் படம்.

லாஸ் ஏஞ்சலஸின் மேற்குப் பக்கம், கடலுக்கு அருகில் வசிக்கும் நான்கு தோழிகள். ஃபிரானி (ஜோன் குசாக்) குடும்பச் சொத்தில் வாழ்கிறவள். சம்பாதிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. ஜேன் (ஃபிரான்சஸ் மெக்டோர்மண்ட்) ஆடை வடிவமைப்பாளர், சொந்த உழைப்பில் மேலே வந்தவள். கிறிஸ்டின் (கேத்தரின் கீனர்) கணவனோடு சேர்ந்து திரைக்கதை எழுதுகிறாள். மூவரும் நாற்பதை ஒட்டியவர்கள், கல்யாணமானவர்கள், பிள்ளைகள் உள்ளவர்கள். நான்காமவள் ஒலிவியா (ஜெனிஃபர் அனிஸ்டன்). வயதில் கொஞ்சம் இளையவள், தனி ஆள். வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய பழைய காரைப் பார்த்து மாணவர்கள் சில்லறைக் காசைக் கொடுத்துக் கேலி செய்ய, வேலையை விட்டுவிட்டாள். இப்போது வீடு வீடாகப் போய்த் துப்புரவு செய்கிறாள்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 88 நிமிடம் ஓடும் படத்தில் விருந்துகள், விருந்து முடிந்து வீடு திரும்பும் கார்கள், கார்களுக்குள் நடக்கும் பேச்சு, இவைதான் முக்கியம். மேசையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தவர்கள், கார்க் கதவைச் சாத்தியதும் மற்றவர்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த ஜோடி பிரிந்துவிடுமோ, ஜேனின் கணவன் உண்மையில் ஆண்களை விரும்புகிறவனோ, ஒலிவியாவை என்னதான் செய்வது. நம் ஊர் கல்யாண மண்டப வாகன நிறுத்துமிடத்தில் நடப்பதேதான். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மற்ற மூவருக்கும் திரும்பிப் போகும் வழியில் பேச ஒரு ஆள் இருக்கிறது. ஒலிவியாவுக்கு இல்லை. எல்லார் காரிலும் அவள் பேசப்படுகிறாள். அவள் காரில் யாரும் பேசப்படுவதில்லை. வசதி இல்லாதவள் என்பதற்கு இதைவிடத் தெளிவான படிமம் படத்தில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

இவர்கள் எப்படித் தோழிகளானார்கள் என்று படம் சொல்வதில்லை. இதைப் படத்தின் ஓட்டையாகச் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்டகால நட்புகளின் தொடக்கம் கொஞ்ச காலத்திலேயே மறந்துவிடும். பழக்கம் மட்டும் மிஞ்சும். இன்றைக்குப் புதிதாகச் சந்தித்திருந்தால் நாம் தோழிகளாகியிருப்போமா என்ற சந்தேகம் படத்துக்குள்ளேயே எழுகிறது. கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்பதைப் படம் மெதுவாகக் காட்டுகிறது.

ஜெனிஃபர் அனிஸ்டனை இந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரில் ரேச்சலாகப் பத்து ஆண்டுகள் வந்தவர். 1995இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. உணவகத்தில் பில்லைச் சமமாகப் பங்கு போடலாம் என்று ஒருவன் சொல்ல, ஆறு பேர் மூன்று மூன்றாகப் பிரிந்துவிடுவார்கள்: கையில் காசு உள்ளவர்கள் மூவர், இல்லாதவர்கள் மூவர். ரேச்சல் அப்போது காப்பிக்கடையில் பரிமாறுகிறவள், இல்லாதவர்கள் பக்கம். அந்தத் தொடரில் பெரும் பிரச்சினையாகப் பணம் தலைகாட்டிய அபூர்வமான இடம் அது. இருபத்திரண்டு நிமிடத்தில் எல்லாம் சமாதானமாகி எல்லோரும் மறுபடி அதே சோபாவுக்கு வந்துவிடுவார்கள். ஹோலஃப்செனர் அதே முகத்தைக் கொண்டுவந்து, பத்து வருடம் தள்ளி, கையில் துடைப்பத்தைக் கொடுத்து, சமாதானம் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறார். இருபதுகளில் பில்லைப் பங்கு போடுவதுதான் சங்கடம். நாற்பதில் பங்கு போடுவது என்ற பேச்சே கிடையாது. பணம் உள்ளவர்கள் கொடுத்துவிடுவார்கள். சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒலிவியா உடற்பயிற்சி ஆசிரியை ஆவதற்கான பயிற்சியில் சேர நினைக்கிறாள். கட்டணம் இரண்டாயிரம் டாலருக்கும் குறைவு. ஃபிரானியிடம் கடனாகக் கேட்கிறாள். ஃபிரானி உடனே மறுத்துவிடுவதில்லை, மறுத்திருந்தால் தேவலை. தயங்குகிறாள். இதெல்லாம் உனக்கு ஒத்துவருமா என்கிற பாணியில் கேள்வி கேட்கிறாள். நட்புக்குள் பணத்தைக் கொண்டுவரக் கூடாது என்ற பழைய ஞானம் வேறு துணைக்கு வந்துவிடுகிறது. ஒலிவியா கேட்டது பணம். அவளுக்குக் கிடைத்தது ஆலோசனை.

விடுதி அறையில் நாங்கள் கவனிக்கத் தவறியது, ஃபிரானி சொல்வதில் தவறே இல்லை என்பது. ஒலிவியா உடற்பயிற்சி செய்கிற ஆள் இல்லைதான். கஞ்சா புகைக்கிறாள். எப்போதோ கொஞ்ச நாள் பழகிய கல்யாணமான ஒருவனையே நினைத்துக்கொண்டு, அவன் வீட்டுக்குப் போன் செய்து பேசாமல் வைக்கிறாள். விலை உயர்ந்த முகக் கிரீமின் இலவச மாதிரிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறாள். அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் அது அநேகமாக வீணாய்த்தான் போயிருக்கும். ஹோலஃப்செனரின் துணிச்சல் இங்கேதான் இருக்கிறது. நம் கதைகளில் ஏழைத் தோழி வந்தால் அவள் உழைப்பாளியாக, தன்மானம் மிக்கவளாக, தங்கமானவளாக இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வாசகரின் இரக்கம் கிடைக்காது என்று எழுத்தாளருக்குப் பயம். இந்தப் படம் அந்தச் சலுகையை ஒலிவியாவுக்குத் தரவில்லை. அவளுக்கு உதவுவது கஷ்டம். அவளைப் பிடித்துப்போவதே சில சமயம் கஷ்டம்.

அதனால்தான் கேள்வி கூர்மையாகிறது. உதவி பெறத் தகுதி வேண்டுமா? பள்ளிக்கூடத்துக்கு மில்லியன் கொடுக்கும்போது அதன் தகுதியை ஃபிரானி இப்படித் துருவவில்லை. அதுவும் எப்படிப்பட்ட பள்ளி? ஏற்கெனவே வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அங்கே கொடுப்பதற்கு ஒரு ரசீது உண்டு, நன்றிக் கடிதம் உண்டு. நிதி திரட்டும் விருந்து என்றால் மேசை உண்டு, நல்ல உடை உடுத்த ஒரு வாய்ப்பும் உண்டு. தோழிக்குக் கொடுத்தால் ரசீது கிடையாது. அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் அந்தத் தொகை நிற்கும். ஃபிரானி கஞ்சத்தனத்தால் மறுக்கவில்லை, பயத்தால் மறுக்கிறாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கொடுத்துவிட்டால் நாங்கள் சமமானவர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுக்காமல் விட்டாலும் அதே கதிதான் என்பது அவளுக்குப் புரியவில்லை.

இன்னொரு பக்கம் மைக். ஃபிரானி தன் தோழிக்குச் செய்யும் உதவியாகப் பார்த்துக் கோத்துவிடும் உடற்பயிற்சி ஆசிரியன். அவன் ஒலிவியா வேலை செய்யும் வீடுகளுக்குக் கூடவே வருகிறான். பேருக்கு ஏதோ செய்துவிட்டு, கூலியில் பங்கு கேட்கிறான். ஒலிவியா கொடுக்கிறாள்! முதல் முறை பார்த்தபோது ‘இவளுக்குப் புத்தியே கிடையாதா’ என்று சத்தம் போட்டோம். இப்போது பார்த்தால் படத்தில் காசு கேட்டதும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் ஒரே ஆள் அவள்தான். கையில் காசு இல்லாதவள் வாங்கத் தகுதியே இல்லாதவனுக்குக் கொடுக்கிறாள். இயக்குநர் இதை அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இனி ஜேன். இந்தப் பாத்திரத்துக்காக மெக்டோர்மண்டுக்கு சிறந்த துணை நடிகைக்கான இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஜேனுக்கு எல்லாம் இருக்கிறது. நல்ல தொழில், அன்பான கணவன், மகன். ஆனால் தலைக்குக் குளிப்பதை நிறுத்திவிட்டாள். கார் நிறுத்த இடம் பிடிப்பவனோடு சண்டை, வரிசையில் முந்துகிறவர்களோடு சண்டை. ஒரு துணிக்கடையில் வரிசையில் நின்று கத்தித் தீர்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறும்போது கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்கிறாள். திரையரங்கில் இதற்குச் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம். அவளுடைய கோபத்துக்குக் காரணம் என்னவென்று ஒரு இடத்தில் அவளே சொல்கிறாள்: என் வாழ்க்கை எப்படி இருக்கப்போகிறதோ என்று யோசித்துப் பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை. எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வயதில் இதை முழுதாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் எங்கள் அலுவலகத்தில் நாற்பத்தைந்தை நெருங்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கடன் முடியப்போகிறது, பிள்ளை மெட்ரிகுலேஷனில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் தாமதமானதற்காக அவர் போட்ட சத்தத்தைக் கேட்டபோது எனக்கு ஜேன் ஞாபகம்தான் வந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது; விட்டுவிடுகிறேன்.

கவனிக்க வேண்டியது, ஜேனின் அதிருப்தியை எல்லோரும் அக்கறையோடு பார்க்கிறார்கள் என்பது. அவளுக்கு மனச்சோர்வா, உடம்புக்கு ஏதாவதா என்று பேசுகிறார்கள். ஒலிவியாவின் அதிருப்தி மட்டும் சோம்பேறித்தனம் ஆகிவிடுகிறது. இரண்டு பேருமே அசையாமல் உட்கார்ந்துவிட்டவர்கள்தான். ஒருத்தி ஏறி முடித்துவிட்டு உட்கார்ந்தவள், இன்னொருத்தி ஏறாமலே உட்கார்ந்தவள். சுற்றியிருப்பவர்கள் ஏறியவளிடம் என்ன ஆச்சு என்று விசாரிக்கிறார்கள். ஏறாதவளுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

கிறிஸ்டினின் பகுதியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, நான் சிவில் என்ஜினியர் என்பதால். அவளும் கணவனும் தங்கள் வீட்டின்மேல் இன்னொரு மாடி கட்டுகிறார்கள், கடல் தெரிய வேண்டும் என்பதற்காக. அக்கம்பக்கத்தார் முகம் கொடுக்காமல் போகிறார்கள். ஏனென்று இவளுக்குப் புரிவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து தன் வீட்டைப் பார்க்கும்போதுதான், தன் மாடி அவர்களுடைய கடலை மறைக்கிறது என்று தெரிகிறது. நாங்கள் வரையும் கட்டட வரைபடங்களில் எல்லைக்கோடு இருக்கும், அதிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்ற கணக்கு இருக்கும். கோட்டுக்கு அப்பால் தாள் வெறுமையாக இருக்கும். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று நான் ஒரு தடவைகூட வரைந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கிறிஸ்டின் அந்த வெற்றுத்தாள் பக்கம் போய் நின்று பார்க்கிறாள். படத்தில் உண்மையிலேயே இடம் மாறி நின்று பார்ப்பவள் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு அவளால் மாடியைக் கட்ட முடியவில்லை, அந்தக் கல்யாணத்திலும் தொடர முடியவில்லை. இந்தக் காட்சியை வைத்து ஃபிரானியையும் ஒலிவியாவையும் ஹோலஃப்செனர் யோசித்திருக்கிறார் என்றே நம்புகிறேன். ஃபிரானி கடைசிவரை அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை.

இப்போது என் விஷயம். விடுதியில் கூட இருந்து ஃபிரானியைத் திட்டினாளே, அவள்தான். படித்த படிப்புக்கு வேலை சரியாக அமையவில்லை. ஒப்பந்த வேலை, பிறகு பாலர்பள்ளி, பிறகு வீட்டிலிருந்து கேக் வியாபாரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணப்பெண் அலங்காரப் பயிற்சியில் சேர வேண்டும் என்று ரெண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி கேட்டாள். என் கணக்கில் அப்போது அதைப்போலப் பல மடங்கு இருந்தது, புதுக் கார் முன்பணத்துக்கு. நான் மறுக்கவில்லை. “நல்லா யோசிச்சியாடி? இந்த லைன்ல இப்ப ஏகப்பட்ட பேர் இருக்காங்களே” என்று எழுதினேன். கேக் வியாபாரம் ஏன் நின்றது என்றும் கேட்டேன். அக்கறையோடுதான் கேட்டேன் என்று அப்போது நம்பினேன். அவள் “பரவால்ல லா, சும்மாதான் கேட்டேன்” என்று பதில் போட்டாள். கூடவே ஒரு சிரித்த முகம். அந்தச் சிரித்த முகம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. போன மாதம் ஃபிரானி தயங்கும் அந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இதை யோசிக்கும்போது அம்மாவின் கூட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் தாமானில் பத்துப் பெண்கள் மாதம் இருநூறு வெள்ளி போடுவார்கள்; மாதம் ஒருத்தர் இரண்டாயிரத்தை எடுத்துக்கொள்வார். ‘கூட்டு’ என்ற நம் சொல்லே மலேசியச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தில். சட்டம் என்ன சொன்னாலும் தாமான்களில் அது நின்றபாடில்லை. நான் அதைப் புனிதப்படுத்த வரவில்லை. முதல் மாதமே எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வீடு மாறிப் போனவர் கதை எல்லாத் தாமானிலும் உண்டு. அம்மாவும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறார். ஆனால் அதில் ஒன்று இருந்தது. யாருக்கு எதற்குப் பணம் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமா, சங்கிலி வாங்கவா, தீபாவளிக்குச் சோபாவா, அது அவரவர் பாடு. அவசரம் என்றால் முறையை மாற்றிக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் அடுத்த மாதமே கொடுக்கிறவராகிவிடுவார். தோழிகளுக்கு நடுவில் பணம் போய் வர அங்கே ஒரு வழி போட்டு வைத்திருந்தார்கள். ஃபிரானிக்கும் ஒலிவியாவுக்கும் நடுவில் அப்படி எந்த வழியும் இல்லை. ஒன்று தானம், இல்லாவிட்டால் ஆலோசனை. எனக்கும் அவளுக்கும் நடுவிலும் இல்லை. படித்துவிட்டோம், தனித்தனி வங்கிக் கணக்கு வந்துவிட்டது.

படத்தோடு எனக்குள்ள சண்டை அதன் முடிவில்தான். ஒலிவியா வேலை செய்யும் வீடுகளில் ஒன்று மார்ட்டி என்பவனுடையது. அழுக்கு மூட்டையாகக் கிடக்கும் வீடு. துப்புரவுக் கூலியைப் பேரம் பேசிக் குறைத்தவன். அவனையே நிதி திரட்டும் விருந்துக்குக் கூட அழைத்துப்போகிறாள். அதன் பிறகு தெரிகிறது, அவனும் பணக்காரன், அப்பா விட்டுப்போன சொத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். தனக்கும் பிரச்சினைகள் உண்டு என்கிறான். இவளுக்கும் உண்டு. படம் முடிந்துவிடுகிறது.

விடுதியில் பார்த்தபோது இதைத் தேவதைக் கதை என்று சொல்லிச் சிரித்தோம். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். இதில் ஒரு கசப்பு இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் ஒலிவியா தொடர்ந்து இருக்க வேண்டுமானால் பணத்தின் வாசல் வழியாகத்தான் இருக்க முடியும், தோழமையின் வாசல் வழியாக அல்ல என்று படம் ஒப்புக்கொள்கிறது. பேரம் பேசியவன்தான் சொத்துக்காரன் என்பதும் சரியான கிண்டல். ஆனாலும் இது நழுவல்தான். படம் முழுக்க ஃபிரானிக்கும் ஒலிவியாவுக்கும் நடுவில் கட்டி வைத்த கேள்வியை ஒரு ஆணைக் கொண்டுவந்து தீர்த்துவிடுகிறார் இயக்குநர். ஒலிவியாவுக்குப் பணம் வந்துவிட்டால் ஃபிரானி தப்பித்துவிடுகிறாள். கொடுக்காத அந்தத் தொகையைப் பற்றி இனி அவர்கள் பேசவே வேண்டாம். பின்னால் 2010இல் எடுத்த ‘ப்ளீஸ் கிவ்’ படத்தில் ஹோலஃப்செனர், தெருவில் இருப்பவர்களுக்கு எல்லாம் காசு கொடுத்துக்கொண்டே இருந்தும் குற்ற உணர்ச்சி தீராத ஒரு பெண்ணை மையமாக வைத்தார். கேத்தரின் கீனர்தான் அதிலும். இந்தப் படத்தில் தப்பவிட்ட ஃபிரானியைத்தான் அங்கே போய்ப் பிடித்தார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு அடுத்த விருந்தைப் பார்க்க வேண்டும். படம் அதைக் காட்டவில்லை. மேசையில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒலிவியாவும் மார்ட்டியும் காரில் ஏறுவார்கள். இந்த முறை அவளுக்கும் பக்கத்தில் பேச ஒரு ஆள் இருக்கிறது. கதவைச் சாத்தியதும் ஃபிரானியைப் பற்றி அவள் என்ன சொல்வாள்?

போன டிசம்பரில் எங்கள் விடுதித் தோழி ஒருத்தியின் கல்யாணம், கிள்ளானில். அவள் கணவனோடு வந்திருந்தாள். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ததும் அவள்தான். பணத்தை வேறு எங்கோ புரட்டிப் படித்திருக்கிறாள். என் புடவை மடிப்பு சரியில்லை என்று சொல்லி, தன் பையிலிருந்து ஊக்கை எடுத்து அவளே குத்திவிட்டாள். நன்றாகப் பேசினோம். பழைய கதையெல்லாம் பேசினோம். போகும்போது மைவியின் ஜன்னலை இறக்கிக் கையசைத்தாள். பிறகு ஜன்னல் மேலே ஏறியது. கார் மண்டப வாசலைத் தாண்டும்வரை, உள்ளே அவள் கணவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.